நனைந்த வத்தல்: ஒரு மிளகாய் நிறுவனத்தில் நடந்ததும் முடிவானதும்

இந்த நிறுவனத்தின் இரண்டு பங்குதாரர்களும் எழுதச் சம்மதித்தார்கள். பெயரும் ஊரும் மட்டும் வேண்டாம் என்றார்கள். நான் அங்கே மாதம் இரண்டு முறை போய்வரும் தரக்கட்டுப்பாட்டு ஆலோசகன். கீழே சொல்லியிருக்கும் கூட்டங்கள் எல்லாவற்றிலும் உட்கார்ந்திருந்தேன், பேசினேன். முடிவெடுக்கும் உரிமை எனக்கு இல்லை.

பின்னணி

விருதுநகருக்கும் ராமநாதபுரத்துக்கும் இடைப்பட்ட ஊர் ஒன்றில் இரண்டு குடும்பங்கள் சேர்ந்து முப்பது வருடத்துக்கு மேலாக மிளகாய் வத்தல் வியாபாரம் செய்கின்றன. ஒருவரை ஊரே 'பாய்' என்று கூப்பிடும். மற்றவர் 'அண்ணாச்சி'. கமிஷன் கடையாகத் தொடங்கி, அரவை ஆலை வைத்து, பத்து வருடமாக மிளகாய்ப் பொடி ஏற்றுமதியும் செய்கிறார்கள். வேலைக்கு நாற்பது பேர். அதில் பாதிக்கு மேல் காம்பு கிள்ளும் பெண்கள்.

இந்த நிறுவனத்தைப் பற்றி இரண்டு விஷயங்களை முதலிலேயே சொல்ல வேண்டும். ஒன்று, இவர்களுக்கு வங்கிக் கடன் கிடையாது. வட்டி கூடாது என்பது கூட்டுச் சேர்ந்த நாளிலேயே பாய் போட்ட நிபந்தனை. அண்ணாச்சிக்கு அதில் மார்க்க ஈடுபாடு எதுவும் இல்லை. "கடன் இல்லாட்டி தூக்கம் வரும்"னு ஒத்துக்கொண்டவர். இரண்டாவது, கல்லாவுக்குப் பின்னால் கண்ணாடி போட்டு மாட்டிய திருக்குறள். 'வாணிகம் செய்வார்க்கு வாணிகம் பேணிப் பிறவும் தமபோல் செயின்.' 120ஆம் குறள். பத்து வருடத்தில் அதை யாரும் நிமிர்ந்து பார்த்து நான் பார்த்ததில்லை. கண்ணாடியில் மிளகாய்த் தூசி படிந்து கடைசிச் சீர் மறைந்துபோயிருந்தது.

பயிரைப் பற்றியும் கொஞ்சம். கமுதி, முதுகுளத்தூர், பரமக்குடிப் பக்கம் மிளகாய் பெரும்பாலும் வானம் பார்த்த பயிர். வடகிழக்குப் பருவமழையை நம்பி விதைப்பார்கள். தை பிறந்தால் பழம் எடுக்கலாம். 2023இல் புவிசார் குறியீடு வாங்கியது ராமநாதபுரம் முண்டு மிளகாய். நான் சொல்லப்போவது நீளமான சம்பா வத்தல். எந்த வகையாக இருந்தாலும் காயவைக்கும் முறை ஒன்றுதான்: பறித்த பழத்தைக் களத்திலோ வெறுந்தரையிலோ தார்ச்சாலை ஓரத்திலோ பரப்பி, ஈரப்பதம் பத்துப் பதினொரு சதவீதத்துக்கு இறங்கும்வரை வெயிலில் விடுவது. அந்த நாட்களில் ஒரு மழை பெய்தால், மேலே சிவப்பாகத் தெரியும் குவியலின் அடிப்பகுதி நமுத்துவிடும். நமுத்த இடத்தில் பூஞ்சை பிடிக்கும். அஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சை விடும் நஞ்சுதான் அஃப்ளாடாக்சின். 1960இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிகள் செத்து விழுந்து, தீவனத்தில் கலந்த கடலைப் பிண்ணாக்கைத் துருவிப் பார்த்தபோது கண்டுபிடிக்கப்பட்டது. இதில் பி-1 என்ற வகை கல்லீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்பது உறுதிப்பட்ட விஷயம். நிறம் இல்லை, வாசனை இல்லை. குழம்பு கொதிப்பதால் அழிவதும் இல்லை.

நான் சொல்லும் வருடம் மாசியில் இரண்டு நாள் மழை பெய்தது. மழைக்குப் பிந்திய மூன்று வாரத்தில் நிறுவனம் வாங்கிய சரக்கு சுமார் 46 டன்.

கண்டெய்னர் நின்றது

அந்தச் சரக்கிலிருந்து அரைத்த 12 டன் பொடி தூத்துக்குடியிலிருந்து கப்பல் ஏறியது. ஏற்றுமதிக்கு முந்திய சோதனையில் பி-1 அளவு கிலோவுக்கு 3.1 மைக்ரோகிராம் என்று வந்திருந்தது. ஐரோப்பிய ஒன்றியம் மிளகாய்க்கு வைத்திருக்கும் உச்சவரம்பு 5. ஐரோப்பியத் துறைமுகத்தில் மறுபடி மாதிரி எடுத்தார்கள். 8.6 வந்தது. சரக்கை உள்ளே விடவில்லை.

முதலில் எல்லாரும் ஆய்வகத்தைத் திட்டினார்கள். நானும் ஒரு நாள் முழுக்கத் திட்டினேன். ஆனால் இரண்டு எண்ணும் சரியாக இருக்க முடியும். அஃப்ளாடாக்சின் சரக்கு முழுவதும் சமமாகப் பரவி இருப்பதில்லை. ஒரு மூட்டையில் நாலு வத்தலில் திரண்டிருக்கும், பக்கத்து மூட்டையில் அறவே இருக்காது. அரைத்த பிறகும்கூட ஒரு ஈடு (ஒரே தொகுதியாகச் சேர்த்த சரக்கு) போல இன்னொரு ஈடு இருப்பதில்லை. மாதிரி எங்கிருந்து எடுத்தோம் என்பதைப் பொறுத்து எண் மாறும்.

மிச்சக் கணக்கைப் பார்த்தோம். அதே சரக்கில் 4 டன் உள்ளூர்ப் பொடியாக, 100 கிராம், 500 கிராம் பொட்டலங்களில், கண்டெய்னர் நிற்பதற்கு இரண்டு மாதம் முன்பிருந்தே கடைகளுக்குப் போய்க்கொண்டிருந்தது. 29 டன் முழு வத்தலாகக் குளிர்பதனக் கிடங்கில் கிடந்தது.

முதல் கூட்டம்: 'சட்டம் இடம் கொடுக்குதே'

கூட்டத்தில் பாய், அண்ணாச்சி, அண்ணாச்சியின் மகன், பாயின் தங்கை மகன், நான். ஏற்றுமதியைப் பார்ப்பது இளையவர்கள் இருவரும்தான்.

அண்ணாச்சியின் மகன் சொன்னது நேரானது. இந்தியாவில் மசாலாப் பொருளுக்குப் பி-1 வரம்பு 15, மொத்த அஃப்ளாடாக்சினுக்கு 30. நம் பொடி 8.6. கண்டெய்னரைத் திருப்பிக் கொண்டுவந்து உள்ளூரில் விற்றால் எந்தச் சட்டமும் மீறப்படவில்லை. கடையில் இருப்பதைத் தொடவே தேவையில்லை. வேறொரு நாட்டில் இவ்வளவு கேட்க மாட்டார்கள், அங்கே திருப்பிவிடலாம் என்று ஒரு தரகர் அதற்குள் போன் பண்ணியிருந்தார்.

அவர் கெட்ட பையன் இல்லை. நாற்பது பேர் சம்பளம் அவர் கையில்தான் இருந்தது. அண்ணாச்சி தயங்குவதைப் பார்த்துவிட்டு ஒரு குறளை எடுத்துப் போட்டார்: 'பொய்ம்மையும் வாய்மை இடத்த புரைதீர்ந்த நன்மை பயக்கும் எனின்.' "நாம பொய்கூடச் சொல்லலியே அப்பா, சும்மா இருக்கோம். அதனால நாப்பது வீட்ல அடுப்பு எரியுது."

பாயின் தங்கை மகன் தன் பக்கத்திலிருந்து ஒன்று கொண்டுவந்தார். நிர்ப்பந்தம் வந்தால் தடுக்கப்பட்டதும் ஆகும் என்று மார்க்கச் சட்டத்தில் ஒரு விதி உண்டல்லவா மாமா?

இரண்டு மரபிலிருந்தும், அதுவும் ஐந்து நிமிடத்துக்குள், சும்மா இருப்பதற்கு ஆதாரம் கிடைத்துவிட்டது. பழைய நூல்களை வியாபாரத்தில் வழிகாட்டியாக வைக்கலாம் என்று மேடையில் பேசுகிறவர்கள் இந்த ஐந்து நிமிடத்தைப் பார்த்திருக்க வேண்டும். எதைச் செய்ய நினைக்கிறோமோ அதற்கு ஒரு வரி கிடைக்கும். நமக்குப் பிடிக்காத வரியைச் சொல்லத்தான் ஆள் வேண்டும்.

அண்ணாச்சி நிதானமாகக் கேட்டார். "அதுல 'புரைதீர்ந்த'ன்னு ஒரு சொல் இருக்கு. அதை விட்டுட்டு மிச்சத்தைச் சொல்ற. புரைன்னா குத்தம். யாருக்கும் குத்தம் வராத நன்மைக்குத்தான் அந்தக் குறள். பொடிய வாங்குறவன் வீட்டுல பிள்ள இருக்குமில்ல?"

பாய் ஒன்றும் சொல்லவில்லை. நாளை காலை பஜ்ருத் தொழுகைக்குப் பிறகு ஹஜ்ரத்தைப் பார்க்கலாம், நீங்களும் வாங்க என்று என்னைக் கூப்பிட்டார். அண்ணாச்சியும் வருவதாகச் சொன்னார்.

ஹஜ்ரத் வீட்டுத் திண்ணை

ஹஜ்ரத் எழுபதைக் கடந்த ஆலிம், மார்க்க அறிஞர். மதரஸாவில் ஓதிக்கொடுத்து ஓய்ந்தவர். மைக்ரோகிராம் கணக்கை நான் விளக்கினேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, நபிகள் நாயகத்தின் கடைத்தெரு நிகழ்ச்சியைச் சொன்னார். இமாம் முஸ்லிமின் தொகுப்பில் உள்ள ஹதீஸ் (நபிமொழி), பலருக்கும் தெரிந்தது. உணவு தானியக் குவியல் ஒன்றைக் கடந்துபோன நபிகள் குவியலுக்குள் கையை விட்டார்கள். விரல்களில் ஈரம் பட்டது. இது என்ன என்று கேட்டார்கள். மழையில் நனைந்துவிட்டது என்றார் வியாபாரி. மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கக் கூடாதா, ஏமாற்றுகிறவர் என்னைச் சேர்ந்தவர் அல்ல என்றார்கள்.

பாய்க்கு இது சின்ன வயதிலிருந்தே தெரியும். நானும் ஏதோ ஒரு மேடையில் கேட்டிருக்கிறேன். எல்லாரும் கடைசி வாக்கியத்தைத்தான் சொல்வார்கள். ஹஜ்ரத் முதல் வாக்கியத்தைப் பிடித்துக்கொண்டார்.

"நாயகம் (ஸல்) மொதல்ல என்ன செஞ்சாங்க? கைய உள்ள விட்டாங்க. யாரும் புகார் சொல்லல. வாங்குனவன் வந்து சண்டை போடல. நீங்க கைய விட்டுப் பாத்தீங்களா? வெள்ளைக்காரன் உங்க மூட்டைக்குள்ள கைய விட்டான். மிச்ச மூட்டைக்குள்ள யாரு விட்டது?"

எனக்குச் சுருக்கென்றது. அது என் வேலை. 29 டன்னில் ஒரு மூட்டையையும் நான் பிரிக்கச் சொல்லவில்லை. 8.6 என்ற ஒரு எண்ணை வைத்து மொத்தச் சரக்கையும் 15க்குக் கீழே என்று முடிவுகட்டிவிட்டு, சட்டம் பேசிக்கொண்டிருந்தோம்.

நிர்ப்பந்தம் என்ற வாதத்தை அவர் அதிக நேரம் பேசவில்லை. பட்டினியில் உயிர் போகிறவனுக்கு, உயிர் தரிக்கும் அளவுக்கு மட்டும் கொடுத்த சலுகை அது, லாபம் குறைவது நிர்ப்பந்தத்தில் சேராது என்றார். விற்றுப்போனதைப் பற்றி அண்ணாச்சி கேட்டார். அதற்கு இமாம் அபூ ஹனீபாவின் கதை. கூபா நகரத்தில் துணி வியாபாரியாகவும் இருந்த சட்ட அறிஞர், ஹிஜ்ரி 150இல், அதாவது பொது ஆண்டு 767இல் மறைந்தவர். குறையுள்ள ஒரு துணியைக் கூட்டாளியிடம் கொடுத்து, குறையைச் சொல்லி விற்கும்படி அனுப்பினார். கூட்டாளி சொல்ல மறந்துவிட்டார். வாங்கியது யார் என்றும் தெரியவில்லை. இமாம் அந்த விலை முழுவதையும் தர்மம் செய்துவிட்டார்.

"வாங்குனவன் யாருன்னு தெரியாததால தர்மம்" என்று ஹஜ்ரத் அழுத்திச் சொன்னார். "தெரிஞ்சா அவன்கிட்ட சொல்லணும். குறை தெரிஞ்சதும் திருப்பிக் குடுக்குற உரிமை வாங்குனவனுக்கு இருக்கு." இந்த வாக்கியத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் நாங்கள் இதில்தான் சறுக்கினோம்.

திரும்பும்போது காரில் அண்ணாச்சி, "இதத்தான பாய் நம்ம பரிமேலழகரும் சொல்றாரு. கொள்றது மிகையா இருக்கக் கூடாது, குடுக்குறது குறையா இருக்கக் கூடாது" என்றார். பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்களைச் சொல்லும் இடத்திலும் கிட்டத்தட்ட இதே சொற்கள் வரும்: 'கொள்வதூஉம் மிகை கொளாது, கொடுப்பதூஉம் குறை கொடாது.' ஆனால் இரண்டும் ஒன்றே என்று எனக்குப் படவில்லை. குறளும் பட்டினப்பாலையும் அளவையும் விலையையும் பேசுகின்றன. அந்த ஹதீஸ் வாங்குகிறவனுக்குத் தெரியாத ஒன்றை வைத்துக்கொண்டிருப்பதைப் பேசுகிறது. எங்கள் சிக்கல் இரண்டாவது வகை.

மூட்டையைப் பிரித்தபோது

29 டன்னையும் கொள்முதல் தேதிவாரியாக ஒன்பது ஈடுகளாகப் பிரித்தோம். மூட்டையின் வாயிலிருந்து கைப்பிடி அள்ளுவதை நிறுத்தி, மூட்டைகளைக் கொட்டி, அடியிலிருந்தும் நடுவிலிருந்தும் எடுத்து, மொத்தமாக அரைத்துக் கலந்து, அதிலிருந்து சோதனைக்கு அனுப்பினோம். செலவு அதிகம். அண்ணாச்சியின் மகன் ரசீதைப் பார்த்துவிட்டு என்னை ஒரு வாரம் நேராகப் பார்க்கவில்லை.

ஐந்து ஈடு, 16 டன், 5க்குக் கீழே. இரண்டு ஈடு, 7 டன், 5க்கும் 15க்கும் நடுவே. மீதி இரண்டு ஈடு, 6 டன். ஒன்று 19, ஒன்று 34.

முதல் கூட்டத்தின் வாதம் அதோடு சரிந்தது. சட்டத்துக்கு உட்பட்டதுதானே என்று நாங்கள் அரைத்து விற்கவிருந்ததில் 6 டன் சட்டப்படியே விற்கக் கூடாதது. ஏற்கெனவே கடைக்குப் போன 4 டன்னுக்கு எடுத்து வைத்திருந்த மாதிரியையும் சோதித்தோம். 11.

34 வந்த ஈடு எங்கிருந்து வந்தது என்று தேடினோம். கொள்முதல் ஆள் சிட்டையை, அதாவது கொள்முதல் சீட்டை, பார்த்து ஊரைச் சொன்னார். அங்கே போய் இரண்டு சம்சாரிகளை, அதாவது விவசாயிகளை, பார்த்தோம். ஒருவர் வயதான பெண். நாங்கள் குறை சொல்ல வந்ததாக நினைத்துக் கோபப்பட்டார்.

"நான்தான் அன்னைக்கே சொன்னேனே தம்பி, அடி வத்தல் மழையில நனைஞ்சுபோச்சு, தனியாக் கட்டி வச்சிருக்கேன்னு. அதுக்குத்தான கிலோவுக்கு முப்பது ரூவா கொறச்சு எடுத்தீக?"

கொள்முதல் ஆள் தலையை ஆட்டினார். ஆமாம், சொன்னார். விலையைக் குறைத்தேன். சிட்டையில் எடையும் விலையும் எழுதினேன். நனைந்தது என்று எழுத இடம் இல்லை. கிடங்கில் எல்லாம் ஒன்றாக அடுக்கியாயிற்று.

அந்த அம்மா ஈர வத்தலை மேலே வைத்துத்தான் விற்றார். முப்பது ரூபாய் இழந்தும் விற்றார். அந்தச் செய்தியைக் காசாக்கிக்கொண்டு, அதைப் புதைத்தது நாங்கள். வேண்டுமென்று யாரும் மறைக்கவில்லை. ஆனால் நனைந்தது என்ற சொல் களத்தில் தொடங்கி எங்கள் சிட்டைக்கு வந்து செத்துப்போனது. அதற்குப் பின் யாரும் பொய் சொல்லவே தேவைப்படவில்லை.

முடிவுகளும் அவற்றின் காரணமும்

கண்டெய்னரை அங்கேயே அழித்துவிடச் சொன்னோம். தரகர் சொன்ன நாட்டுக்கு அனுப்புவதைப் பாய் ஒரே வாக்கியத்தில் முடித்தார்: "கேக்க மாட்டாங்கங்கிறதுக்காக அனுப்புனா, அதுதான் அடியில வைக்கிறது." திருப்பிக் கொண்டுவருவதை நான் எதிர்த்தேன். ஒரு நாளைக்கு நாம் உண்ணும் மிளகாய் ஜெர்மனிக்காரர் உண்பதைவிட அதிகம், அவருக்கு ஆகாதது நமக்கு ஆகும் என்பது தலைகீழான கணக்கு.

நிறுவனத்தின் சொந்த வரம்பு 5 என்று வைத்தார்கள், ஏற்றுமதிக்கும் உள்ளூருக்கும் சேர்த்து. இதற்கு நீண்ட வாக்குவாதம் நடந்தது. அரசாங்கமே 15 என்று சொல்லும்போது நாம் ஏன் 5 என்று அண்ணாச்சியின் மகன் கேட்டதில் நியாயம் இருந்தது. சட்டம் 15 என்பதில் மறைப்பதற்கு ஒன்றும் இல்லை. வாங்குகிறவர்கள் எல்லாருக்கும் பொதுவான அளவு அது. அண்ணாச்சி குறளைக் காட்டினார். 'பிறவும் தமபோல்' என்றால், நம் வீட்டுக்கு எந்த ஈட்டிலிருந்து பொடி எடுத்துப் போவோம்? இந்த அறிக்கைகளைப் பார்த்த பிறகு 11 உள்ள பொட்டலத்தை வீட்டுக்கு எடுத்துப் போவாயா? மகன் பதில் சொல்லவில்லை. என் கருத்தில் அந்தக் குறள் இந்த ஆய்வில் நிஜமாக வேலை செய்தது அந்த ஒரு இடத்தில்தான்.

6 டன் கழிவு. எரித்துவிடலாம் என்றார் ஒருவர். ஆறு டன் வத்தலை எரித்தால் மூன்று ஊர் இருமும். உரிமம் உள்ள கழிவு நிறுவனத்திடம் பணம் கொடுத்து ஒப்படைத்தோம். அங்கே எடை போட்டு, அழித்த சான்று வாங்கினோம். கழிவு வத்தல் மலிவு விலையில் மறுபடி சந்தைக்குள் வருவது இந்தத் தொழிலில் தெரிந்த கதை.

நடுவில் கிடந்த 7 டன்னைக் கையால் பொறுக்கினோம். நிறம் மங்கியது, உடைந்தது, காம்பு கழன்றது, உள்ளே சாம்பல் பூத்தது, இவற்றை எடுத்தால் அளவு நன்றாகவே இறங்கும். பெண்களுக்கு முகக்கவசமும் கூடுதல் கூலியும். பொறுக்கிய பின் ஒரு ஈடு 5க்குக் கீழே வந்தது. இன்னொன்று 12இல் தொடங்கி 7இல் நின்றுவிட்டது. அதை மிளகாயிலிருந்து நிறமும் காரமும் பிரித்தெடுக்கும் ஒரு ஓலியோரெசின் ஆலைக்கு, அறிக்கையின் நகலை மூட்டையோடு கொடுத்து, விற்றோம். அவர்கள் கொடுத்த விலை அண்ணாச்சியின் மகனுக்கு இன்றுவரை வயிற்றெரிச்சல்.

கடைக்குப் போன 4 டன்தான் கடினமாக இருந்தது. சட்டப்படி திரும்பப் பெற வேண்டிய கட்டாயம் இல்லை, 11 என்பது 15க்குள். பாய் பேப்பரில் விளம்பரம் போட வேண்டும் என்றார். இளையவர்கள் இருவரும் பதறினார்கள். விளம்பரத்தில் 'அஃப்ளாடாக்சின்' என்ற சொல் வந்தால் யாரும் 11க்கும் 15க்கும் வித்தியாசம் பார்க்கப் போவதில்லை, பிராண்டு அன்றோடு முடிந்தது என்றார்கள். இரண்டு நாள் பேசி ஒரு சமரசம்: மொத்த வியாபாரிகளுக்கும் கடைக்காரர்களுக்கும் நேரில் போய்க் காரணத்தைச் சொல்லி, விற்காமல் இருப்பதை முழு விலைக்குத் திருப்பி எடுப்பது. வாங்கிப்போன குடும்பங்களுக்கு அறிவிப்பு இல்லை.

1.3 டன் திரும்பி வந்தது. மிச்சம் 2.7 டன்னின் விலையை, இமாம் அபூ ஹனீபாவைப் பின்பற்றி, இருவரும் தர்மம் செய்தார்கள். பாய் தன் பங்கை ஏழைகளின் மருத்துவச் செலவுக்குக் கொடுத்தார். அண்ணாச்சி தன் பங்கை ஊர்ப் பள்ளிக்கூடத்துக்குக் கொடுத்தார்.

அதன் பிறகு

அந்த வருடம் நட்டம். முந்திய வருட லாபத்திலும் ஒரு பகுதி போயிற்று. வங்கிக் கடன் இல்லாததால் யாரும் கதவைத் தட்டவில்லை. அதே நேரம், தாங்கிப் பிடிக்க வங்கியும் இல்லை. இரண்டு வீட்டு நகையும் ஒரு மனையும் விற்றாயிற்று. சம்பளம் ஒரு மாதம் பதினைந்து நாள் தள்ளிப் போனது. கடன் இருந்திருந்தால் இதே முடிவுகளை எடுத்திருப்பார்களா என்று பாயிடம் கேட்டேன். "தெரியல. அல்லாஹ் அந்தச் சோதனைய வைக்கல" என்றார். எனக்கும் தெரியவில்லை. கண்டெய்னர் வருவதற்கு முப்பது வருடம் முன்பே எடுத்த முடிவு ஒன்று அந்த வாரம் அவர்களுக்கு யோசிக்க நேரம் கொடுத்தது என்பது மட்டும் கண்ணால் பார்த்தது.

ஐரோப்பிய வாடிக்கையாளர் நாங்கள் எல்லா ஈட்டின் அறிக்கையையும் அனுப்பியதைப் பார்த்துவிட்டு அடுத்த வருடம் பாதி அளவுக்கு ஆர்டர் கொடுத்தார். மறு பாதி இன்னும் வரவில்லை. உள்ளூரில் நேரில் போய்ச் சொன்ன கடைக்காரர்களில் சிலர் நம் பொடியை நிறுத்திவிட்டார்கள். உண்மையைச் சொன்னதற்கான விலை அது. பெரிய ஓட்டல் ஒன்று வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. அந்தக் கம்பெனி எந்தச் சோதனையும் செய்வதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். சொல்லிக் காட்ட முடியாது.

சிட்டையில் ஒரு கட்டம் சேர்ந்தது: 'மழை பட்டதா? ஆம் / இல்லை.' இதில் முதலில் ஒரு தப்புச் செய்தோம். 'ஆம்' என்றால் பழையபடி முப்பது ரூபாய் குறைத்தோம். ஒருவரும் 'ஆம்' சொல்லவில்லை. உண்மை சொல்கிறவருக்கு அபராதம் போட்டுவிட்டு உண்மையை எதிர்பார்த்தால் எங்கிருந்து வரும்? பிறகு மாற்றினோம். நனைந்ததைப் பிரித்துக் கட்டிச் சொன்னால், நனையாத பங்குக்குச் சந்தை விலையோடு ஒரு சிறு தொகை கூட. நனைந்த பங்கை எடுப்பதில்லை. சொல்லாமல் கலந்து கொண்டுவந்து சோதனையில் தெரிந்தால் அடுத்த பருவம் வாங்குவதில்லை. தார்ப்பாய் வாங்கப் பாதிப் பணம் கொடுத்தோம். அந்த வயதான அம்மாவிடம் முந்திய வருடம் குறைத்த முப்பது ரூபாயைக் கிலோ கணக்குப் பார்த்துத் திருப்பிக் கொடுக்கப் போனார் அண்ணாச்சி. அவர் வாங்க மறுத்தார். நனைந்ததை நனைந்த விலைக்குத்தான் விற்றேன், அது சரியான விலைதான் என்றார்.

மறுபடி நேர்ந்தால்

நான் முதலில் மாற்றுவது என் வேலையை. ஒரு எண்ணைக் கேட்டதும் அது எந்த மூட்டையின் எண் என்று கேட்டிருக்க வேண்டும். அதை ஒரு மார்க்க அறிஞர் கேட்டு நான் கற்றுக்கொள்ள வேண்டி வந்தது என்பதை எழுதவே சங்கடமாக இருக்கிறது. இப்போது மழைக்குப் பிந்திய கொள்முதல் தனி ஈடாகத்தான் கிடங்குக்குள் போகிறது.

இரண்டாவது, குடும்பங்களுக்குச் சொல்லாமல் விட்டது. இதில் நாங்கள் எல்லாரும் ஒரே கருத்தில் இல்லை. சட்டவரம்புக்குள் இருந்ததற்கு ஊரைப் பதற வைப்பதும் ஒரு தீங்குதான் என்பது அண்ணாச்சி வீட்டார் எண்ணம். என் எண்ணம் வேறு. வாங்கியவர் தெரியாதபோது தர்மம் என்பதுதான் அந்தப் பழைய கதை. எங்களுக்குக் கடைகள் தெரியும், தெருக்கள் தெரியும், பொட்டலத்தில் ஈட்டு எண் அச்சாகி இருந்தது. தேடும் பாதியை விட்டுவிட்டுத் தர்மம் செய்யும் பாதியை எடுத்துக்கொண்டோம். கடையில் ஒரு தாள் ஒட்டி, இந்த எண் உள்ள பொட்டலத்தைக் கொண்டுவந்தால் வேறு தருகிறோம் என்றாவது சொல்லியிருக்கலாம். சொல்லாமல் விட்டு எதையோ காப்பாற்றினோம், அது பிராண்டுதான்.

பாய் அடுத்த வருடம் இதை ஹஜ்ரத்திடம் சொன்னார். அவர் திட்டவில்லை. விற்றுப்போன 2.7 டன்னில் இன்னும் யார் வீட்டு டப்பாவிலாவது பொடி மிச்சம் இருக்குமா என்று கேட்டார். ஒரு வருடம் ஆகிவிட்டதே, இருக்காது என்றார் பாய். ஹஜ்ரத் வேறெதுவும் கேட்கவில்லை.

இந்தப் பருவம் மாசியில் ஒரு நாள் தூறல் போட்டது. முதல் வாரம் வந்த சிட்டைகளில் பதினோரு பேர் 'ஆம்' போட்டிருந்தார்கள். 'இல்லை' போட்டவர்களில் ஆறு பேரின் மூட்டைகளைக் கொட்டிப் பார்த்தோம். ஒருவருடையதில் அடி நமுத்திருந்தது. கொண்டுவந்தவர் கொள்முதல் ஆளின் சொந்த மாமா. அவரிடம் இந்தப் பருவம் வாங்கியாயிற்று. அடுத்த பருவம் என்ன செய்வது என்ற பேச்சை யாரும் இன்னும் எடுக்கவில்லை.